ஆறாவது வாரமும் பதினாறாவது வாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருக்கலைப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளியான இரு கட்டுரைகளையும், அவற்றைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். கருவில் இருப்பது உயிர்தான் என்பதில் தொடங்கிய கட்டுரை அங்கேயே முடிந்தது. உடல் பெண்ணுக்கே சொந்தம் என்பதில் தொடங்கிய கட்டுரையும் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. இருவரும் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் 34 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளின் மகப்பேறு வார்டுகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, இவர்கள் பேசுகிற பெண்ணை நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே என்று தோன்றியது. நான் பார்த்த பெண்கள் உரிமை என்றும் சொன்னதில்லை, பாவம் என்றும் சொன்னதில்லை. "நாள் தள்ளிப் போயிடுச்சு சிஸ்டர்" என்றுதான் தொடங்குவார்கள். அந்தப் பேச்சில் இருக்கிற 'நாள்' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கரு உருவான நொடியிலிருந்தே அது உயிர் என்றும் அதை அழிப்பது தவறு என்றும் நம்புகிறவள். கலைப்பு நடக்கும் அறையில் நிற்பதைத் தவிர்க்க முடிந்த நாட்களில் தவிர்த்தேன். ஆள் இல்லாத நாட்களில் நின்றேன். ஆயினும் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நாட்டுக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன நிகழ்ச்சியையே இங்கும் எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டு. லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி, இருபத்தாறு வயது, மூன்றாவது கர்ப்பம். இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்கு ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. ஆறாவது வாரத்திலேயே வந்துவிட்டார். அந்த நிலையில் மாத்திரையிலேயே முடிந்திருக்கும். ஆனால் அன்று புறநோயாளிப் பிரிவில் இருந்தவர், கணவரை அழைத்துவந்து கையெழுத்துப் போடச் சொல் என்று அனுப்பிவிட்டார். கணவர் நாக்பூர்ப் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தார். அவர் திரும்பி வந்ததும் மாமியார் குறுக்கே நின்றார். மாமியார் இறங்கி வந்தபோது ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேனோடு வந்த நாளில் மருத்துவர் விடுப்பில் இருந்தார். அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல். இப்படியாகப் பதினாறாவது வாரத்தில் அந்தப் பெண்ணைப் படுக்கையில் சேர்த்து, இரண்டு மருத்துவர்கள் கருத்து எழுதி, வலி வரவழைத்து, பிரசவம் போலவே எல்லாவற்றையும் அனுபவிக்க வைத்துக் கலைத்தார்கள். இரவு இரண்டரை மணிக்கு டிரேயில் அதை வாங்கியவள் நான். விரல்கள் இருந்தன. துணியால் மூடினேன், அந்தப் பெண் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், ஆனால் அவர் பார்த்துவிட்டிருந்தார்.

ஆறாவது வாரத்தில் கையெழுத்துக் கேட்டவர் கெட்டவர் அல்லர். ஒரு கருவைக் காப்பாற்றுகிறோம் என்றே அவர் நினைத்திருக்கக்கூடும். காப்பாற்றவில்லை. பத்து வாரம் வளரவிட்டு அழித்தோம், அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை என்பது இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. பதினெட்டு வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் ஒன்றே போதும். அதற்கென்று 'படிவம் சி' என்று ஒரு தாள் உண்டு. அதில் பெண் கையெழுத்திட இடம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராகவோ மனநோய்க்கு ஆளானவராகவோ இருந்தால் காப்பாளர் கையெழுத்திட இடம் இருக்கிறது. கணவர் கையெழுத்திட இடமே கிடையாது. அந்தத் தாளை உறையிலிட்டு ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்த உறைகளை நானே ஒட்டியிருக்கிறேன். பெண்ணின் பெயர் சேர்க்கைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் வரக்கூடாது, எண் மட்டுமே வர வேண்டும். இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட விதிக்குப் பக்கத்திலேயே, "வீட்டுக்காரர் வரலையா?" என்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். நானும் கேட்டிருக்கிறேன்.

உயிர் எந்த நொடியில் தொடங்குகிறது என்ற கேள்வியில் இரு தரப்பும் ஒரு நாளும் உடன்படப் போவதில்லை. எங்கள் திருச்சபைக்கு ஒரு விடை இருக்கிறது. இஸ்லாமிய அறிஞர்களில் ஒரு சாரார் நூற்றிருபது நாள் என்ற கணக்கைச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் மூன்று மாதம் நிறையும்வரை வெளியே சொல்லாதே என்கிறார்கள், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடத்துகிறார்கள். பாட்டிமார்களின் இந்த வழக்கத்தில் ஓர் ஒப்புதல் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு: ஆறாவது வாரத்தில் இருப்பதும் இருபத்தாறாவது வாரத்தில் இருப்பதும் மனத்தில் ஒரே கனம் கனப்பதில்லை என்பதே அது. என் மறைக்கல்வி இதை ஏற்காது. என் கைகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகவே இரு தரப்பும் உடன்படக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால், அது வாரக் கணக்கில் இருக்கிறது. கருவை உயிர் என்று நினைப்பவர், கலைப்பு நடந்தே தீரும் என்றால் அது கூடிய விரைவில் நடக்கட்டும் என்றுதான் விரும்ப முடியும். பெண்ணின் முடிவை மதிப்பவரும் அவர் உடலுக்கு ஆபத்துக் குறைவான தொடக்க வாரங்களையே விரும்புவார். வீணாகப் போகிற ஒவ்வொரு வாரமும் இருவருக்குமே இழப்பு. இதை ஒப்புக்கொள்ள யாரும் தம் நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை.

சட்டம் எப்படி வந்தது என்பதைக் கட்டுரையாளர்கள் தொடவில்லை. கருவைக் கலைப்பது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவின்படியும் குற்றமே. கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் அடக்கம். 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் அறிக்கையின்மீது வந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குற்றத்தை நீக்கவில்லை. குறிப்பிட்ட நிபந்தனைகளில் செயல்படும் மருத்துவருக்கு விலக்களித்தது, அவ்வளவே. எனவே, அரசே கருக்கலைப்பை உரிமையாக்கிவிட்டது என்று ஒருவர் வருந்துவதும், உரிமை கிடைத்துவிட்டது என்று மற்றவர் மகிழ்வதும் சட்டப் புத்தகத்தின்படி சரியில்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின்கீழ் வரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று சொன்னது உண்மை. ஆனால் படிவத்தின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் மனத்தில் இருப்பது தண்டனைப் பிரிவுதான். அந்த அச்சம்தான் "எதற்கும் கணவரைக் கூட்டிட்டு வா" என்று பேச வைக்கிறது. (இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையும் நம்முடைய சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டதே, தாயின் உயிரைக் காக்க மட்டுமே விலக்கு என்ற நிலை அங்கே இன்னும் மாறவில்லை. விலக்கு குறைவு என்பதால் அங்கே கலைப்பே நடப்பதில்லை என்று அந்நாட்டு மருத்துவர்கள்கூடச் சொல்லமாட்டார்கள்.)

2021ஆம் ஆண்டுத் திருத்தம் வாரக் கணக்கை நீட்டியது. இருபது வாரம்வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும்; வன்கொடுமைக்கு ஆளானவர், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர், கர்ப்பமாக இருக்கும்போதே கணவரை இழந்தவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர், மாற்றுத்திறனாளி போன்றோருக்கு இருவர் கருத்தோடு இருபத்து நான்கு வாரம்வரை அனுமதி. கருத்தடை பொய்த்துப்போனதைக் காரணமாகச் சொல்லும் வழி முன்பு மணமான பெண்ணுக்கு மட்டுமே இருந்தது. திருத்தத்தில் 'கணவர்' என்ற சொல் போய் 'துணைவர்' என்ற சொல் வந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், இருபத்து நான்கு வார வரம்பில் மணமாகாத பெண்ணை விலக்கிவைக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. மேல்வரம்பை நீட்டியதில் எனக்கு மனவருத்தம் உண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் மேல்வரம்பைப் பற்றி இத்தனை பேசுகிற நாம், ஆறாவது வாரத்தில் வாசற்படியிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவரைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பதே என் கேள்வி.

திருப்பி அனுப்பும் வாசற்படிகள் பல. பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய பாட்டி ஒருநாள் அழைத்துவந்தார். வயிற்றில் கட்டி என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். கை வைத்துப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், "போலீஸா? வேணாம் தாயி, நாங்க ஊருக்கே போயிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பேத்தியின் கையைப் பிடித்து நடந்தவர்தான், மீண்டும் வரவில்லை. எங்கே போனார்கள், யாரிடம் போனார்கள் என்பது எனக்குத் தெரியாது. கருவைக் கலைக்க எருக்கங்குச்சி செருகப்பட்டு வார்டுக்கு வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிற எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. முன்பு சொன்ன 2022 தீர்ப்பில் இதற்கும் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது: சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு அனுப்பும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தெரிவிக்கத் தேவையில்லை. குற்றமும் மறைக்கப்படாமல், சிறுமியும் ஓடிப்போகாமல் இருக்க இதைவிட நடுநிலையான ஏற்பாடு எது? ஆயினும் நான் விசாரித்த இளம் செவிலியர்களில் பாதிப்பேருக்கு இப்படி ஒரு தீர்ப்பு வந்ததே தெரியவில்லை.

மருந்துக்கடைக் கதை வேறு. என் தங்கை மகளுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த கருக்கலைப்பு மாத்திரைச் சீட்டோடு நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்கிலும் ஒரே பதில்: "அந்த மாத்திரை நாங்க வைக்கிறதில்லைம்மா." ஒருவர் காரணத்தையும் சொன்னார், கணக்கு எழுத வேண்டும், ஆய்வாளர் வந்து கேட்பார், பெண் கரு விவகாரம் என்று சந்தேகப்படுவார், நமக்கு ஏன் வம்பு. இங்கேதான் ஒரு நல்ல சட்டம் இன்னொரு நல்ல சட்டத்தின் காலை மிதிக்கிறது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டும், கட்டாயம் வேண்டும். பெற்ற குழந்தையை அரசிடம் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியபோது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பொழுது விடிவதற்குள் தொட்டிலில் வந்து சேரும் குழந்தைகளில் ஆண் குழந்தையை நான் தூக்கியதாக நினைவில்லை. பெண் என்பதற்காகக் கலைப்பதை 'தேர்வு' என்று சொல்ல உரிமை பேசுவோரில் எவரும் துணியமாட்டார். அங்கே நாம் எல்லோரும் ஒரே பக்கம். ஆனால் ஆறாவது வாரத்தில் ஸ்கேனில் ஆண் பெண் எதுவும் தெரியாது. அந்த வாரத்தில் கேட்கப்படும் மாத்திரைக்கும் பெண் கருக்கொலைக்கும் தொடர்பே இல்லை. ஆய்வாளருக்கு அஞ்சி மாத்திரையை ஒளிப்பதால், ஆண் பெண் தெரியாத வாரத்தில் முடிய வேண்டியது தெரிகிற வாரத்துக்குத் தள்ளிப்போகிறது.

பிந்திய வாரங்களின் கனத்தை மறுப்பவர்களுக்கு 2023 அக்டோபரை நினைவூட்ட விரும்புகிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பேற்றுக்குப் பின்வந்த மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். தாய்ப்பால் கொடுத்துவந்த காலமாதலால் மாதவிலக்கு வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், ஏறத்தாழ இருபத்து நான்கு வாரம் ஆன பிறகே கர்ப்பத்தை அறிந்தவர். உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் முதலில் அனுமதி அளித்தார்கள். சிசு வெளியே வந்தால் பிழைக்கும் நிலையில் இருக்கிறது, அதன் இதயத்துடிப்பை நிறுத்த வேண்டுமா என்று எய்ம்ஸ் மருத்துவர் கேட்டு எழுதியதும் அதே அமர்வு இரண்டாகப் பிரிந்தது. நீதிபதி ஹிமா கோலி அனுமதிக்குத் தம் மனச்சான்று இடம் தரவில்லை என்றார். நீதிபதி நாகரத்னா அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். இருவருமே பெண்கள். மூன்று நீதிபதிகள் அமர்வு அக்டோபர் 16 அன்று அனுமதி மறுத்தது. செலவை ஒன்றிய அரசு ஏற்க வேண்டும், குழந்தையைத் தத்துக் கொடுப்பது பெற்றோர் விருப்பம் என்றது. அந்த எய்ம்ஸ் மருத்துவரின் கேள்வியை, 'பெண்ணின் எதிரிகள்' கேட்கிற கேள்வி என்று ஒதுக்குவது நேர்மையாகாது. பதினாறாவது வாரத்திலேயே என் கை நடுங்கியது.

என் தரப்பினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பதாவது வார ஸ்கேனில் முதுகுத்தண்டில் குறை என்று தெரிந்த தம்பதியர் ஒருமுறை வந்திருந்தார்கள். பெற்றுக்கொள்கிறோம் என்பது அவர்கள் முடிவு. அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டிய நாங்களே, "நல்லா யோசிச்சீங்களா, பின்னாடி யார் பாக்கிறது?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டோம். உறவினர் கேட்டார்கள், மருத்துவர் கேட்டார். கலைப்பதற்கு வற்புறுத்தப்படுகிற பெண்ணைப் பற்றி உரிமை பேசுவோரும் எழுதுவதில்லை, உயிர் பேசுவோரும் எழுதுவதில்லை. அந்தப் பிள்ளை பிறந்து, அறுவைச் சிகிச்சை செய்து, சக்கர நாற்காலியில் ஒரு முறை என்னைப் பார்க்க வந்தான். அவன் படித்த பள்ளிக்குச் சாய்தளம் கட்டச் சொல்லி அவன் தந்தை எத்தனை மனு எழுதினார் என்பது எனக்குத் தெரியும். கருவைக் காக்க ஊர்வலம் போகும் எங்கள் அமைப்புகளில் ஒன்றேனும் அந்த மனுவில் கையெழுத்திட்டிருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். பெற்றுத் தத்துக் கொடுக்க விரும்பும் தாய்க்கு, குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைத்த பிறகும் மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசத்தைச் சட்டம் தருகிறது. இதைச் சொல்லித்தர வார்டில் ஓர் ஆள் இல்லை.

என் மகள் ஜெர்மனியில் செவிலியராக இருக்கிறாள். அங்கே கலைப்பு சட்டப்படி தவறுதான். ஆனால் ஆலோசனை பெற்று, மூன்று நாள் காத்திருந்து, முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் செய்தால் தண்டனை இல்லை. 1993இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னதைத் தழுவி 1995இல் எழுதப்பட்ட சட்டம் அது. தவறு என்று சொல்வதும் தண்டிக்காமல் விடுவதும் ஒரே சட்டத்தில் இருக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த மூன்று நாளை மட்டும் நாம் இறக்குமதி செய்ய வேண்டாம். மூன்று நாள் கழித்து வா என்றால், கூலி வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண் மூன்று வாரம் கழித்துத்தான் வருவார்.

இருபத்து நான்கு வாரம் கடந்து சிசுவுக்குப் பெருங்குறை இருப்பதாகத் தெரியவரும்போது, மருத்துவ வாரியம் மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் கோரிக்கை வந்த ஐந்து நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று விதியிலேயே நாள் குறித்திருக்கிறார்கள். ஆறாவது வாரத்தில் வருகிறவருக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. வந்த அன்றே பார்க்கப்பட வேண்டும், அல்லது மறுநாள் எங்கே போக வேண்டும் என்று எழுதிக்கொடுக்கப்பட வேண்டும் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, வழிபாட்டிடத்துக்கும் பெண்கள் அமைப்புக்கும் அதில் சண்டை வர இடமில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம் பற்றிய அறிவிப்புகள் வருகின்றன. அதே இடத்தில், அந்தந்த மாவட்டத்தில் எந்த அரசு மருத்துவமனையில், எந்தக் கிழமையில், எந்த அறையில் இந்தச் சேவை கிடைக்கும் என்பதையும், கணவர் கையெழுத்துத் தேவையில்லை என்பதையும், குழந்தைகள் நலக்குழுவின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். நடுப்பக்கம் வேண்டாம், வரிசையில் நிற்கும்போது பெண்கள் மடித்து வைத்துப் படிப்பது அந்த மாவட்டப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)